பாபநாசம் தந்த மாமுனிவர்!

சிவகிரியில் இருந்து, மேற்கு மலையை வலப்பக்கம் பார்த்தபடியே தெற்கே வாருங்கள். புளியங்குடி, தென்காசி தாண்டி, பாபநாசம் அருகே வரும் விக்கிரமசிங்கபுரம். 'மாதவச் சிவஞான யோகிகள்' என்று சைவ உலகம் போற்றும் சிவஞான முனிவர் அவதரித்த ஊர் இது!

18-ம் நூற்றாண்டு. ஆனந்தக்கூத்தர் - மயிலம்மை தம்பதியின் செல்ல மகன் முக்களாலிங்கம். ஒருநாள் பள்ளியில் இருந்து திரும்பும்போது, வீதியில் வந்த திருவாவடுதுறை ஆதீனத் தம்பிரான்களை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். கணவர் வீட்டில் இல்லை. ஆனாலும், இன்முகத்துடன் அமுது படைத்தாள் தாய். தாயின் விருந்தோம்பலைப் புகழ்ந்து சிறுவன் வெண்பா பாடினானாம்! பிறகு, 'நானும் உங்களுடன் வருகிறேன்' என்று நின்றுவிட்டான். பெற்ற மனம் எப்படித் தவித்திருக்கும், சொல்லுங்கள்? ஆனாலும், அனுப்பி வைத்தார்கள்.

சுசீந்திரத்தில் வேலப்ப தேசிகரிடம் தீட்சை பெற்று, சிவஞானத் தம்பிரான் ஆனார். மடத்தில் இலக்கணம், தருக்கம், வடமொழி, சித்தாந்தம் என எல்லாம் பயின்றார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இருப்பவை 12 சூத்திரங்களே. அதற்கு இவர் எழுதிய பேருரைதான் 'சிவஞான மாபாடியம்'. காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டமும் இவர் அருளியதே. இரண்டாம் காண்டத்தைப் பாடியவர், இவருடைய மாணவர் கச்சியப்ப முனிவர்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மடத்தில் படிப்பும் தீட்சையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்றோ, சைவ சித்தாந்தத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறலாம். அங்கே தீட்சை கேட்பதில்லை. எந்தச் சமயத்தவரும் படிக்கலாம். ஆனால், அந்தப் பட்டம் மட்டும் ஒருவரை குருவாக்கிவிடாது. சிவாசார்யராக வேண்டுமெனில் ஆகமப் பயிற்சி, தீட்சை, ஆசார்ய அபிஷேகம் எனப் படிகள் உண்டு. தம்பிரானாக வேண்டுமெனில் துறவும் குரு உபதேசமும் அவசியம்.

அப்படியானால், கல்லூரிப் படிப்பு வீணா? இல்லவே இல்லை! சூத்திரத்தின் பொருளை ஆராய்ந்து அறியக் கல்வி வேண்டும். அந்தப் பொருளில் நின்று வாழத் தீட்சை வேண்டும். முன்னது அறிவைத் துலக்கும். பின்னது பொறுப்பைத் தலையில் ஏற்றும். இரண்டும் ஒருவரிடம் கூடியதால்தான், மாபாடியம் இன்றும் மாணவருக்குப் பாடமாகவும் அடியவருக்கு வழித்துணையாகவும் விளங்குகிறது.

1785-ல், திருவாவடுதுறையில் சிவனடி சேர்ந்தார் முனிவர். அடுத்தமுறை பாபநாசநாதரையும் உலகம்மையையும் தரிசிக்கச் செல்லும்போது, விக்கிரமசிங்கபுரத்தில் சற்று நில்லுங்கள். முனிவரோடு, பிள்ளையை மனமுவந்து அனுப்பிய அந்தத் தாயையும் நினைத்துக் கைகூப்புங்கள்!