ஊர் வேதனையைத் தாமே சுமந்த கிளாரா பார்ட்டன்

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர் கிளாரா பார்ட்டன். அடுத்தவர் மனத்தைப் படித்தறியும் ஆற்றலே அவரை உயர்த்தியது. பின்னாளில் தலைமைப் பதவியை விட்டு அவர் விலக நேர்ந்ததற்கும் அந்த இளகிய மனம் ஒரு காரணமாக இருந்தது.

1821 டிசம்பர் 25-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த கிளாரா, மிகுந்த கூச்ச சுபாவம் கொண்டவர். 11 வயதில், உயரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான தம் அண்ணனுக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் பணிவிடை செய்தார். பிறகு ஆசிரியையாகி, முரட்டு மாணவர்களையும் பிரம்பில்லாமல் வசப்படுத்தினார்.

1852-இல் நியூ ஜெர்சியில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி வளர்ந்ததும் அவருக்கு மேல் ஓர் ஆண் தலைமையாசிரியர் நியமிக்கப்பட்டார். அந்த அவமானம் கிளாராவின் உடலையே பாதித்தது. குரல் போனது, வேலையை விட்டு விலகினார்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மருந்தும் உணவும் ஏற்றிய வண்டியுடன் போர்க்களத்திற்கே சென்றார். போர் முடிந்ததும், காணாமற்போன வீரர்களைத் தேடிய குடும்பங்களின் 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்களுக்கு அவருடைய அலுவலகம் பதில் எழுதியது. 22,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் கதி தெரியவந்தது. அத்தனை பேரின் துயரத்தையும் சுமந்த கிளாரா, 1868-இல் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மீண்டும் குரலிழந்தார். ஐரோப்பாவில் ஓய்வெடுக்கப் போன இடத்திலும் போர் வெடிக்க, அங்கேயும் சேவையில் இறங்கினார். நாடு திரும்பியபின் நெடுநாள் சிகிச்சை பெற வேண்டியிருந்தது.

1881-இல், 59 வயதில் சங்கத்தைத் தொடங்கினார். 1889-இல் 2,200-க்கும் மேற்பட்டோர் மாண்ட ஜான்ஸ்டவுன் வெள்ளத்தின்போது, அங்கேயே 5 மாதங்கள் தங்கி உதவினார். 1900-இல் கால்வெஸ்டன் புயலின்போது அவருக்கு வயது 78. அப்போதும் தாமே நேரில் சென்றார்.

குறையும் அங்கேதான் இருந்தது. துயரம் நடந்த இடத்திற்குத் தலைவரே ஓடியதால், தலைமையகத்தைக் கவனிக்க ஆளில்லை. பொறுப்புகளைப் பிறரிடம் ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. 1897 முதல் கிளென் எக்கோவில் இருந்த அவர் வீடே சங்கத்தின் அலுவலகமாகவும் பொருள் கிடங்காகவும் இருந்தது. சொந்தப் பணமும் சங்கப் பணமும் ஒன்றோடொன்று கலந்தன. தம் பணத்தை அள்ளிக் கொடுத்தவர் அவர். ஆனால் எல்லாவற்றுக்கும் முறையான கணக்கு இல்லை.

மேபல் போர்ட்மன் போன்ற உறுப்பினர்கள் கணக்குக் கேட்டார்கள். நிர்வாகம் பற்றிய அந்தக் கேள்வியைத் தம் நேர்மையின் மீது விழுந்த அடியாகவே கிளாரா எடுத்துக்கொண்டார். விசாரணையில் அவர் பணத்தைக் கையாடியதாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1904-இல், 82 வயதில், மனம் நொந்து பதவி விலகினார். மறு ஆண்டே சங்கத்தின் கணக்குகளை அரசாங்கம் தணிக்கை செய்யும் முறை வந்தது.

1912 ஏப்ரல் 12-ஆம் தேதி, 90 வயதில் கிளாரா காலமானார். அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. சங்கங்களிலும் ஆலய நிர்வாகங்களிலும் பொறுப்பேற்கும் நம்மவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு பாடம். இரக்க மனம் உள்ளவர்கள் பக்கத்தில் கணக்குப் பார்க்க ஓர் ஆளையும், பாரத்தைப் பகிர்ந்துகொள்ள நாலு பேரையும் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் பகைவர்கள் அல்லர்.