கோயம்புத்தூர் தாயி: கடல் கடந்த குரல்

எழுத்தைக் கல்லில் காத்த ஊர் நம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை, 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இன்றும் நமக்கு உரைக்கின்றன. குரலுக்கோ அப்பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பாடியவர் மறைந்தால் பாட்டும் உடன் மறைந்தது. இசைத்தட்டு வந்த பிறகே அந்நிலை மாறிற்று. அத்தட்டில் தம் குரலைப் பதித்துச் சென்றவருள் தலையாய ஒருவர் கோயம்புத்தூர் தாயி அம்மையார்.

1872 இல் பிறந்த அவருடைய இயற்பெயர் பழனிக்குஞ்சரம். ஆடலும் பாடலும் வழிவழியாகப் போற்றிய தேவதாசி மரபில் தோன்றியவர். சென்னையில் பெரும்புகழ் எய்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென்னகம் வந்தபோது, வித்துவான்கள் பலர் தயங்கி நின்றனர். துணிந்து முன்வந்தோர் இம்மரபுப் பெண்டிரே. நெடுநேரம் விரித்துப் பாடும் இசையை, ஏறக்குறைய மூன்று நிமிடங்களுக்குள் அழகு குன்றாமல் அடக்கிப் பாடினார் தாயி.

அக்காலத்தில் பிரெஞ்சு இசையும் புதுவழி தேடிக்கொண்டிருந்தது. 1889 ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் சாவகத்தீவின் கமெலான் இசையைக் கேட்டு வியந்தார் தெபுஸ்ஸி. ஒளியையும் நிழலையும் நீரின் அசைவையும் ஒலியால் தீட்டும் மனப்பதிவு இசை அவர் வழியே வளர்ந்தது. அந்நெறியில் வந்த ராவெலின் மாணவர் மோரிஸ் தெலாழ் (1879-1961), 1912 ஆம் ஆண்டையொட்டி இந்தியா வந்தார். அன்று நம்மூரோடு ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில், கோயிலினுள் சிலருக்காகத் தாயி கற்பனை விரித்துப் பாடக் கேட்டார்.

அக்குரல் அவரை விட்டு நீங்கவில்லை. 1914 சனவரியில் பாரிசில் அரங்கேறிய அவருடைய நான்கு இந்தியக் கவிதைகளுள் முதலாவதற்குச் சென்னையின் பெயரையே இட்டார். இலாகூர் என்னும் பாடலில், சொல்லின்றி வாய்மூடி இசைக்கும் முறையை மேலைப் பாடகிக்கு வகுத்தார். இராகமாலிகை என்னும் அவரது பியானோப் படைப்போ, தாயி இசைத்தட்டில் பாடிய வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதிப் பாடலையே பெரிதும் தழுவியது. கமகம் காட்டவியலாத அக்கருவியில், ஒரு சுரத்தின் தந்தியை அட்டைத்துண்டால் மட்டுப்படுத்திப் புதிய ஒலி தேடினார்.

வள்ளலாரின் சொற்கள் உதிர்ந்தன. இசை கடல் கடந்தது. சொல்லையே உயிராகக் கொண்ட கவிஞர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. அப்படைப்பின் துணைத்தலைப்பில் தமிழ்ப் பாடல்கள் என்ற குறிப்பு உண்டு. மொழிக்குத் தலைப்பில் இடம் கிடைத்தது. பாடிய பெண்ணின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

1917 இல், நாற்பத்தைந்தாம் அகவையில் தாயி மறைந்தார். தெலாழின் படைப்புகளை உலகின் இசையரங்குகள் அறியும்; தாயியைத் தமிழகத்தில் அறிந்தவர் சிலரே. பத்தாண்டு நிறைவில் நம் பெயர்களை இம்மலரில் பதிக்கும் நாம், பழனிக்குஞ்சரம் என்னும் அப்பெயரையும் உடன் பதிப்போம். பெயர்களைக் கல்லில் காத்த ஊருக்கு அது கடமையுமாகும்.