கடற்கரையில் பிறந்த குடும்பம்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் வேதியியல்

ஜப்பான் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி என்றால் அதற்குத் தனிப் பொருள் உண்டு. விடுமுறை முடிந்தது, நாளை பள்ளி, நாளை அலுவலகம். அந்த நேரத்து மனச்சோர்வுக்கு அந்நாட்டார் ஒரு கார்ட்டூன் பெண்ணின் பெயரையே நோயின் பெயராக வைத்துப் பேசுகின்றனர். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தொலைக்காட்சியில் அடியெடுத்து வைத்த அவள் பெயர் சசாயே. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் என்று 2013-இல் கின்னஸ் நூல் அதனை ஏற்றது. அவளைப் படைத்தவர் மச்சிகோ ஹசேகாவா அம்மையார்.

டோரேமானை நம்மில் அறியாதவர் இல்லை. என் தம்பி சோறு உண்டதே அந்த நீலப் பூனையின் முன்னால்தான். சசாயேயை அறிந்தவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. நானும் டோரேமானைப் பற்றி எழுதத்தான் செய்தி திரட்டத் தொடங்கினேன். இந்த அம்மையார் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

1920-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் சாகா மாநிலத்தில் பிறந்து, புக்குவோக்கா நகரில் வளர்ந்தார். உடன்பிறந்தோர் எல்லாரும் பெண்கள். சிறுமியாக இருந்தபோதே தந்தை மறைந்தார். தந்தையில்லாத வீட்டில் பெண்ணின் படிப்பு என்னவாகும் என்பதை நாம் அறிவோம். எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தாய் 1934-இல் மகள்களை அழைத்துக்கொண்டு தோக்கியோவுக்குப் புறப்பட்டார். மூத்தவள் மரிகோவை ஓவியம் கற்க விட்டார். மச்சிகோ, நோரகுரோ என்னும் நாய்ப் படக்கதையால் புகழ்பெற்றிருந்த சுயிஹோ தகாவாவிடம் மாணவியானார். குருகுலவாசம் போல ஆசிரியர் வீட்டிலேயே தங்கினார்; வீட்டு நினைவு தாங்காமல் ஓராண்டுக்குள் திரும்பிவிட்டார். ஆயினும் 1935-லேயே, பதினைந்து வயதில், அவர் வரைந்தது சிறுமியர் இதழில் அச்சேறியது.

போர் வந்தது. மரிகோவின் கணவர் போரில் மாண்டார். 1944-இல் குடும்பம் மீண்டும் புக்குவோக்காவுக்கு ஒதுங்கியது. போர் ஓய்ந்து, நாடு சோற்றுக்கு வரிசையில் நின்ற 1946-ஆம் ஆண்டில் அவ்வூர் மாலை நாளேடு ஒன்று, நான்கு கட்டப் படத்தொடர் வேண்டும் என்று அவரைக் கேட்டது. வீட்டருகே இருந்த கடற்கரையில் நடந்தபடியே மாந்தர்களை எண்ணினாராம். ஆகவே எல்லாரும் கடலிலிருந்தே வந்தார்கள். சசாயே என்பது ஒரு வகைச் சங்கு. தம்பி கட்சுவோ, நம் மொழியில் சூரை மீன். தங்கை வகாமே கடற்பாசி. தாய் பூனே படகு. தந்தை நமிஹேயின் பெயரில் அலை இருக்கிறது. சசாயேயின் கணவன் மசுவோ, மனைவியின் பெற்றோர் வீட்டில் வாழ்பவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை! ஏப்ரல் 22-ஆம் நாள் முதல் படம் வெளிவந்தது. பங்கீட்டு அரிசி, கள்ளச்சந்தை, பெண்ணுரிமைப் பேச்சு எல்லாம் அந்த நான்கு கட்டங்களுக்குள் சிரிப்பாக வந்து விழுந்தன.

பின்னர் நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தாயின் துணிவில், இருந்த வீட்டை விற்றுத் தோக்கியோ சென்று, அக்காளும் தங்கையும் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினர். பெயரே சகோதரியர் பதிப்பகம் என்று பொருள்படும். முதல் நூலில் இருபதாயிரம் படிகள் அச்சிட்டார்கள். நூலின் அளவு பெரிது. கடைக்காரரின் அலமாரியில் அடங்கவில்லை. மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்து வீட்டை அடைத்தன. வேறொருவராக இருந்தால் பழைய தாள் விலைக்குப் போட்டுவிட்டு அழுதிருப்பார். இவர்கள் கடன் வாங்கி இரண்டாம் தொகுதியைச் சிறிய அளவில் கொண்டுவந்தார்கள். அது பறந்தது, அதன் பின்னால் முதல் தொகுதியும் விலைபோயிற்று. மொத்தம் 68 தொகுதிகள் வந்தன. 1951 முதல் அசாஹி நாளேட்டின் காலைப் பதிப்பில் நாள்தோறும் சசாயே தோன்றினாள்.

நாள்தோறும் ஒரு நகைச்சுவை என்பது எளிய வேலையன்று. 1967-இல் அவருக்கு வயிற்றில் அறுவை மருத்துவம் நடந்தது. புற்றுநோய் என்பதை வீட்டார் அவரிடம் மறைத்தனர். தேறி வந்து மீண்டும் வரைந்தார். அதே ஆண்டுகளில் அவர் வேறோர் இதழில் வரைந்த குறும்புக்காரப் பாட்டியோ, சசாயேயைப் போல நல்லவளே அல்லள். எல்லாரையும் வம்புக்கு இழுப்பவள். ஊருக்காகச் சசாயேயையும் தமக்காகப் பாட்டியையும் வரைந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1974 பிப்ரவரியில் ஓய்வு என்று நிறுத்திய நாளேட்டுத் தொடரை அவர் மறுபடி தொடங்கவேயில்லை.

தொலைக்காட்சியில் மட்டும் அவள் நிற்கவில்லை. தோக்கியோ வட்டாரக் கணக்கின்படி 1979 செப்டம்பர் 16 அன்று நூற்றுக்கு 39.4 வீடுகள் அவளைப் பார்த்தன. டோரேமானின் உச்சம் 1983 பிப்ரவரியில் 31.2. இருவரையும் வென்றவள், சசாயேக்கு முந்திய அரைமணியில் வரும் மருகோ என்னும் பள்ளிச் சிறுமி. 1990 அக்டோபர் 28 அன்று 39.9! ஆனால் கடல் கடந்தால் கணக்கே மாறிவிடுகிறது. 2008-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் டோரேமானைத்தான் கார்ட்டூன் தூதராக அமர்த்தியது. அதன் பையிலிருந்து வரும் கருவிகள் எந்நாட்டுக் குழந்தைக்கும் விளங்கும். சசாயே வீட்டுப் புத்தாண்டுப் பண்டமும் மாமனார் மருமகன் பேச்சும் ஜப்பானியருக்கே முழுதாக விளங்கும். மேலும் அம்மையார் தம் படைப்பைக் கண்டபடி விற்க விடவில்லை. நிகழ்ச்சி ஒளிநாடாவாக விற்பனைக்கு வரவேயில்லை. கேட்காமல் சசாயே முகத்தைத் தன் வண்டிகளில் தீட்டிய பேருந்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1976-இல் தோக்கியோ நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கெடுபிடி என்று சிலர் சொல்லலாம். வீட்டை விற்றுப் போட்ட முதல் அது என்பதை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஈட்டிய பொருளில் அக்காளும் தங்கையும் ஓவியங்கள் வாங்கிச் சேர்த்து, 1985-இல் தோக்கியோவில் கலைக்கூடம் திறந்தனர். அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. கூட்டத்தையும் விளம்பரத்தையும் விரும்பியதில்லை. 1992 மே 27-ஆம் நாள் தம் 72-ஆம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படியே ஏறக்குறைய ஒரு மாதம் செய்தி வெளியிடப்படவில்லை. நாட்டு மக்கள் மதிப்பு விருதை அரசு அவர் மறைவுக்குப் பின்னரே அறிவித்தது. அந்த ஒரு மாதத்து ஞாயிறு மாலைகளிலும் ஆறரை மணிக்குச் சசாயே வந்துகொண்டிருந்தாள். பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவளைப் படைத்தவர் இல்லை என்பது தெரியாது.