இலண்டனிலிருந்து டார்வினுக்கு

பூகோள உருண்டையில் இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வினுக்கும் நூல் பிடித்து அளந்து பார்த்தோம். ஏறக்குறைய 13,800 கிலோமீட்டர் வந்தது. ஏமி ஜான்சன் பறந்து கடந்ததோ சுமார் 18,000 கிலோமீட்டர்! நூலைப்போல் நேராகச் செல்ல அவரது சிறு விமானத்தால் இயலாது. பெட்ரோல் கிடைக்கும் ஊர்களில் இறங்கி இறங்கித்தான் போகவேண்டும்.

1903-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இங்கிலாந்திலுள்ள ஹல் துறைமுகத்தில் மீன் வியாபாரி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார் ஏமி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டப் பழகினார். அது போதாதென்று, எண்ணெய் படிந்த கைகளுடன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றார். 1929-இல் விமானத் தரைப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி அவரே. பின்னால் அவரைக் கரை சேர்த்தது இந்தக் கைத்தொழிலே என்பது எங்கள் எண்ணம்.

தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பண உதவி செய்ய, பழைய ஜிப்ஸி மாத் விமானமொன்றை வாங்கினார். தந்தையின் வியாபார முத்திரைப் பெயரான 'ஜேசன்' என்பதையே அதற்கும் சூட்டினார். 1930 மே 5-ஆம் நாள் குராய்டனிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். தலைக்கு மேல் கூரை கிடையாது. வானொலித் தொடர்பும் கிடையாது.

1928-இல் ஹிங்க்லர் என்பவர் இதே பயணத்தைப் பதினைந்தரை நாட்களில் முடித்திருந்தார். அதை முறியடிப்பதே ஏமியின் நோக்கம். பாக்தாதை நெருங்குகையில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டது. ஆயினும் ஆறே நாளில் கராச்சி சேர்ந்தார்; ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தி!

பிறகுதான் சோதனை. பெட்ரோல் தீர்ந்து ஜான்சியில் படை அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. இரங்கூன் அருகே மழையில் வழி தெரியாமல் விளையாட்டு மைதானமொன்றில் இறங்கி, பள்ளத்தில் பாய்ந்தார். இறக்கையும் விசிறியும் உடைந்தன. அங்கிருந்த தொழிற்கல்லூரியினர் பழுதுபார்க்க உதவினர். ஜாவாவில் மூங்கில் முளைகள் கிழித்த இறக்கைக்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியே கைகொடுத்தது!

மே 24 அன்று டார்வினில் இறங்கினார். அன்று ஆஸ்திரேலியாவின் பாதுகாவலியான, கிறிஸ்தவர்களின் சகாயமாகிய அன்னையின் திருநாள்! ஆனால் பத்தொன்பதரை நாட்கள் ஆகியிருந்தன. சாதனை கைநழுவியதே என்று ஏமி வருந்தினார். உலகமோ அவரைக் கொண்டாடியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் அவரல்லவா?

உலகப்போரின்போது, 1940-இல், விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள தளத்துக்குப் புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டரே. மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாரசூட்டில் குதித்தார். மீட்கக் கடலில் பாய்ந்த கடற்படை அதிகாரியும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. ஜேசன் மட்டும் இலண்டன் அறிவியல் காட்சிசாலையில் இருக்கிறது.