ஆறே மாதம் பிரதமராக இருந்த பிஷப்



உமர்கய்யாம் பாடல்களைத் தமிழில் தந்தவர் நம்ம கவிமணி. அதே பாடல்களை அல்பேனிய மொழியில் தந்தவர் ஒரு பிரதமர்! அவர் பெயர் ஃபான் நோலி.

1882-ல் துருக்கி சுல்தான் ஆட்சியில், ஒரு அல்பேனியர் கிராமத்தில் பிறந்தார். ஏதென்ஸ், எகிப்து என்று அலைந்து 1906-ல் அமெரிக்கா போனார். மர அறுவை மில்லில்கூட வேலை பார்த்தார். 1907-ல் அங்கே ஒரு அல்பேனிய இளைஞர் இறந்துபோனார். அவர் தன் நாட்டுக்காகப் பாடுபட்டவர் என்பதால் கிரேக்கப் பாதிரியார் அடக்கம் செய்ய மறுத்துவிட்டார். எவ்வளவு கொடுமை பாருங்க! தங்களுக்கென்று ஒரு பாதிரியார் வேணும்னு அல்பேனியர்கள் முடிவு செய்தாங்க. 1908-ல் நோலி பாதிரியார் ஆனார், வயசு 26. பாஸ்டன் நகரில் தாய்மொழியிலேயே வழிபாடு நடத்தினார். 1912-ல் ஹார்வர்டில் பட்டம், 1923-ல் பிஷப் பதவி.

1924 ஏப்ரலில் அவ்னி ருஸ்தெமி என்ற இளம் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதிச் சடங்கில் நோலி பேசிய பேச்சு கலகமாகவே மாறியது. ஜூனில் அகமத் சோகு யூகோஸ்லாவியாவுக்கு ஓடிப்போக, நோலி பிரதமர் ஆனார்.

அல்பேனியாவில் நல்ல நிலமெல்லாம் 'பே' என்ற பண்ணையார்கள் கையில் இருந்தது. (பேய் இல்லீங்க, பே!) அதை உழுகிறவர்களுக்கே பிரித்துக் கொடுப்பேன் என்றார் நோலி. எங்க அப்பாவும் குத்தகைக்கு உழுகிறவர்தான். அதனால், கொடுத்தாரா இல்லையான்னு தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கமே வரல.

கொடுக்க முடியல. கஜானா காலி. ஜெனீவா போய் சர்வதேச சங்கத்திடம் கடன் கேட்டார், கிடைக்கல. பெரிய நாடுகள் அவர் ஆட்சியை ஏற்கவே இல்லை. பண்ணையார்கள் எதிர்த்தாங்க, அவர் கூட்டாளிகளிலேயே சிலருக்கு இஷ்டமில்லை. தேர்தலையும் அவர் உடனே நடத்தல. அது அவர் தப்புதான்னு நான் நினைக்கிறேன். ஓட்டுப் போட்டிருந்தா உழவர்கள் அவர் பக்கம் நின்றிருப்பாங்களே!

டிசம்பரில் சோகு யூகோஸ்லாவியா உதவியோடு படை திரட்டி வந்தார். நோலி இத்தாலிக்குத் தப்பினார். ஊரில் இல்லாதவருக்கே மரண தண்டனை விதித்தார்கள். சோகு 1928-ல் ராஜாவாகவே ஆகிவிட்டார்.

நோலி மறுபடி அமெரிக்கா போய் 1945-ல், 63 வயசில், டாக்டர் பட்டம் வாங்கினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் மொழிபெயர்த்தவர் அவர். 1965-ல் காலமானார். கடன் கிடைக்காமல் திரும்பிய அவருடைய படத்தை 1996-ல் அல்பேனியா தன் 100 லெக் நோட்டில் அச்சடித்தது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி