பதம் பிரித்துக் காட்டிய பவணந்தி முனிவர்

சமண முனிவர்கள் தமிழுக்கு அருளிய இலக்கணங்களுள் இன்றளவும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் புழங்குவது நன்னூலாகும். அதனை இயற்றிய பவணந்தி முனிவர் சனகாபுரத்தவர். சன்மதி முனிவரின் மைந்தர் என்பர் சிலர். மாணாக்கர் என்பர் வேறு சிலர். கொங்கு நாட்டுச் சீனாபுரமே அவ்வூர் என்பாரும் உளர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் (1178–1218) வாழ்ந்த கங்கர் குலத்துச் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, முனிவர் இந்நூலைச் செய்தார். ஐந்திலக்கணமும் அவன் வேண்டியவை. நமக்குக் கிடைத்தவை எழுத்தும் சொல்லுமே.

முனிவரின் தனிச்சிறப்பு பதவியலில் விளங்குகிறது. தொல்காப்பியத்தில் இதற்கெனத் தனி இயல் இல்லை. 23 நூற்பாக்களில், சொல்லைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரித்து, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளைக் காட்டினார். வடமொழிச் சொற்கள் தமிழில் உருமாறும் விதிகளையும் அவ்வியலிலேயே வைத்தார். ஒரு மொழியை வளர்க்க மற்றொன்றை வெறுக்க வேண்டுவதில்லை என்பதைத் துறவியான அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்!

திருவண்ணாமலையில் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பாடம் சொன்ன நாள்களில் நாம் இம்முறையையே கைக்கொண்டோம். ஆறு உறுப்புகளின் பெயரை ஒப்பிக்கச் செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. 'நடந்தனன்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, செயல் எது, காலம் எது, செய்தவன் யார் என வினவுவோம். 'நட' பகுதி, அடுத்த 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம், பின்வரும் 'த்' இறந்தகால இடைநிலை, முதல் 'அன்' சாரியை, ஈற்று 'அன்' ஆண்பால் விகுதி. விகுதியை மாற்றி 'நடந்தனள்', 'நடந்தனர்' எனப் பிள்ளைகளே ஆக்கிவிடுவர். பகுதியை மாற்றினால் 'கடந்தனன்', 'கிடந்தனன்' என மேலும் பெருகும்.

பண்புச் சொற்களில் பயன் இன்னும் மிகுதி. பசுமை என்னும் ஒன்றே பசுந்தளிர், பைங்கிளி, பச்சிலை, பாசிலை என உருமாறி வரும். இவற்றைத் தனித்தனியே பொருளெழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளை, செய்யுளில் 'பாசடை' என்று கண்டால் திகைக்கும். முதலெழுத்து நீளும் என்னும் விதியை அறிந்த பிள்ளையோ, அகராதி இன்றியே பச்சை இலை என்று பொருள் கொள்ளும்; 'அடை' இலையைக் குறிக்கும் என்பதொன்றையே ஆசிரியை சொல்லித்தர வேண்டும்.

மயிலைநாதர் என்னும் சமணச் சான்றோர் இந்நூலுக்கு உரை கண்டார், அதனை உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். பயிற்சி மாணவியர் இவ்வுரையைப் புரட்டிப் பார்த்தல் நலம். பிரிக்கும் ஆர்வத்தில் 'மரம்', 'நிலம்' முதலியவற்றையும் வெட்டிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பகுத்தாலும் பயன் தராத சொல்லே பகாப்பதம் என்று முனிவர் அதற்கும் வரம்பு கட்டிவைத்துள்ளார். அந்த நூற்பாவையும் முதல் வாரத்திலேயே நடத்திவிடுவது நம் வழக்கம்.