உணவில் நஞ்சைத் தேடிய ஹார்வி வைலி

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வட அமெரிக்காவில் நாய் மற்றும் பூனை உணவுகள் கோடிக்கணக்கான டின்களிலும் பைகளிலும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வீட்டுப் பிராணிகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை அடுத்து நடந்த சோதனைகளில், சீனாவிலிருந்து இறக்குமதியான மூலப்பொருளில் மெலமைன் என்ற இரசாயனம் இருந்தது தெரியவந்தது. உணவுத் தட்டுகள் போன்ற வீட்டுப் பொருட்களின் தயாரிப்பில் பயன்படும் இரசாயனம் இது. அதே ஆண்டில், ஈயம் கலந்த வண்ணம் பூசப்பட்ட சிறுவர் விளையாட்டுப் பொருட்களும் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன.

அன்றாடம் வாங்கும் பொருளை எவ்வாறு நம்புவது என்று அப்போது எழுந்த கேள்வி புதியதல்ல. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் இதே கேள்வியைத் தமது வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டவர் வேதியியலாளர் ஹார்வி வாஷிங்டன் வைலி.

விவசாயியின் மகன்

இண்டியானா மாநிலத்தில் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் வைலி. உள்நாட்டுப் போரின்போது சிறிது காலம் படையில் பணியாற்றிய அவர், பின்னர் மருத்துவத்தில் பட்டம் பெற்றார். ஆனால் மருத்துவத் தொழிலை விடுத்து, 1874ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார்.

அம்மாநிலத்தில் விற்கப்பட்ட சர்க்கரைப் பாகுகளை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, பலவற்றில் மலிவான குளுக்கோஸ் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். உணவுக் கலப்படம் குறித்த அவரது அக்கறை இங்குதான் வேரூன்றியது. 1883ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளராக அவர் பொறுப்பேற்றார்.

நஞ்சுப் படை

அக்காலத்தில் பால் கெடாதிருக்க ஃபார்மால்டிஹைடும், இறைச்சிக்கு வெண்காரமும், காய்கறிகளின் பச்சை நிறம் மங்காதிருக்க செப்பு உப்பும் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பெயர்ச்சீட்டில் குறிப்பிட வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. இவை தீங்கானவை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று தயாரிப்பாளர்கள் கேட்டனர்.

அந்த ஆதாரத்தைத் தேடி 1902ஆம் ஆண்டின் இறுதியில் வைலி ஒரு சோதனையைத் தொடங்கினார். இதற்கென 5,000 டாலர்களை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. வாஷிங்டனில் தமது அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறையையும் உணவுக்கூடத்தையும் அவர் அமைத்தார். தாமாக முன்வந்த 12 இளைஞர்கள் அங்கு இலவசமாக உண்டனர். உணவுடன் அளவிடப்பட்ட இரசாயனமும் அவர்களுக்குத் தரப்பட்டது.

முதலில் சோதிக்கப்பட்டது வெண்காரம். தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை ஆகியவை பதிவாயின. பின்னர் வேறு இரசாயனங்கள் சோதிக்கப்பட்டபோது, சிலர் நோயுற்றதால் சோதனையை இடையில் நிறுத்தவும் நேர்ந்தது. பத்திரிகைகள் இக்குழுவுக்கு நஞ்சுப் படை என்று பெயரிட்டன. இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இத்தகைய சோதனையை அனுமதிக்க மாட்டா. ஆயினும், ஆய்வுக்கூட விவகாரமாக இருந்த ஒன்றை வீடுதோறும் பேசவைத்தது இந்தச் சோதனையே.

1906ஆம் ஆண்டுச் சட்டம்

பெண்கள் சங்கங்கள் வைலியின் பக்கம் நின்றன. சிகாகோ இறைச்சிக்கூடங்களின் நிலையைச் சித்தரித்த அப்டன் சின்க்ளேரின் நாவல் 1906ஆம் ஆண்டில் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் தேதி, தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

உணவு என்பதற்கு அச்சட்டம் அளித்த வரையறை மனிதர் உண்பதோடு நின்றுவிடவில்லை. விலங்குகள் உண்பதையும் அது உள்ளடக்கியது. ஆனால் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்னர் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் கடமையைத் தயாரிப்பாளர் மீது அச்சட்டம் சுமத்தவில்லை.

அரசுடன் மோதல்

சட்டம் நடைமுறைக்கு வந்ததும் வைலிக்கு அரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பை அவர் எதிர்த்தபோது, அதை நாள்தோறும் பயன்படுத்திவந்த ரூஸ்வெல்ட் சினமடைந்தார். வைலியின் முடிவுகளை மறுஆய்வு செய்ய அறிவியலாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய ஐரா ரெம்சன், சாக்கரினைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஆவார். சிறிதளவு சோடியம் பென்சோயேட் தீங்கற்றது என்று அக்குழு முடிவு செய்தது.

கொக்கோ கோலா நிறுவனத்துக்கு எதிராக, அதன் பானத்தில் சேர்க்கப்பட்ட கஃபீன் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கிலும், 1911ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு தோல்வியுற்றது.

வைலியின் எல்லா அச்சங்களும் சரியென நிரூபணமாகவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். சாக்கரினும் பென்சோயேட்டும் அனுமதிக்கப்பட்ட அளவில் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அதேவேளை, அவர் எதிர்த்த வெண்காரமும் ஃபார்மால்டிஹைடும் அமெரிக்காவில் உணவுப் பாதுகாப்புப் பொருட்களாகப் பயன்படுத்த அனுமதிக்கப்படுவதில்லை.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதவி விலகிய வைலி, குட் ஹவுஸ்கீப்பிங் என்ற மாத இதழில் இணைந்தார். உணவுப் பொருட்களையும் வீட்டு உபயோகப் பொருட்களையும் சோதித்து வாசகியருக்கு அறிவிக்கும் ஆய்வுக்கூடம் அந்த இதழுக்கு இருந்தது. அரசு அலுவலகத்தில் முடியாமற்போனதை அவர் சமையலறைகளின் வழியே தொடர்ந்தார். 1930ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, சட்டம் கையெழுத்தான அதே நாளில், 24 ஆண்டுகள் கழித்து அவர் காலமானார்.

தொடரும் கேள்வி

1937ஆம் ஆண்டில் நச்சுக் கரைப்பான் கலந்த ஒரு மருந்து நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னரே, புதிய மருந்துகளின் பாதுகாப்பை விற்பனைக்கு முன் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

மெலமைன் விவகாரமும் இதே வழியில் சென்றது. உணவின் புரத அளவை அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தால் புரதம் அதிகம் இருப்பதாகச் சோதனை காட்டும். பிராணிகளுக்கு நேர்ந்தது எச்சரிக்கையாகக் கொள்ளப்படவில்லை. 2008ஆம் ஆண்டில் சீனாவில் அதே இரசாயனம் கலந்த பால்மாவால் 6 குழந்தைகள் இறந்தனர். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்.

அசுத்தமான உணவைத் திரும்பப் பெறுமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிடும் பொது அதிகாரம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குக் கிடைத்ததோ 2011ஆம் ஆண்டில்தான். ஒரு பொருள் தீங்கானது என்று நுகர்வோர் நிரூபிக்க வேண்டுமா, தீங்கற்றது என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டுமா என்பதே வைலி தொடுத்த வழக்கின் சாரம். ஒவ்வொரு முறையும் உயிர்கள் பலியான பின்னரே அதற்கு விடையின் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது.